வயசான நாய் திடீரென்று மாறினால்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வயசான நாய் ராத்திரியில் காரணமில்லாமல் குரைக்கவோ ஊளையிடவோ ஆரம்பித்தால், தெருவில் மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கும். யாருக்கோ காலம் நெருங்கிவிட்டது என்பார்கள் சிலர். வெறி பிடித்திருக்கும், கிட்டே போகாதே என்பார்கள் இன்னும் சிலர். கொஞ்சம் நிதானமானவர்கள், "அதுக்கு வயசாயிடுச்சு சார், இனிமே அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். முதலாவது ஒரு நம்பிக்கை, அதை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவதை ஒருநாளும் அலட்சியப்படுத்தக் கூடாது. மூன்றாவதால்தான் நாய்கள் அதிகம் கஷ்டப்படுகின்றன. கேட்க நியாயமாக இருப்பதால், அதைக் கேட்டபின் யாரும் மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்புவதில்லை.

மூப்பு நாளடைவில் வருவது. முகவாய் நரைப்பது, நடை தளர்வது, பகல் தூக்கம் கூடுவது எல்லாம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கும். லாப்ரடார் மாதிரி பெரிய உருவ நாய்களுக்கு 7, 8 வயதிலேயே அது தொடங்கிவிடும்; சின்ன உருவ நாய்களுக்கு 10 வயதுகூட ஆகலாம். ஆனால் போன வாரம் வரை வாசலில் அதிகாரமாகப் படுத்திருந்த நாய், இந்த வாரம் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டுகிறது, நடுங்குகிறது, சோறு வைக்கும் கையைப் பார்த்தே உறுமுகிறது என்றால், உடம்புக்குள் ஏதோ புதிதாக நடந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புதிய விஷயத்தில் பெரும்பகுதி கண்டுபிடிக்கக் கூடியது. அதிலும் கணிசமான அளவு சரிசெய்யக் கூடியது.

வெறிநோயை முதலில் பேசிவிடுவோம். எந்த வயது நாயானாலும், தடுப்பூசி விட்டுப்போயிருந்து, சுபாவம் ஓரிரு நாளில் தலைகீழாக மாறினால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். குரைக்கும் குரலே மாறுவது, எச்சில் ஒழுகுவது, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறுவது, தாடை தொங்குவது, கண்டதையும் கடிப்பது இவையெல்லாம் அதன் அறிகுறிகள். அறிகுறி தெரிந்த நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். கடியோ பிறாண்டலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று இதில் தயங்கக் கூடாது. வருஷா வருஷம் ஊசி போட்ட நாய் என்றால் இந்தச் சந்தேகம் மிகவும் குறைந்துவிடும்; பிறகு மற்றக் காரணங்களை நிதானமாகத் தேடலாம்.

அந்தத் தேடலில் என் அனுபவத்தில் முதலில் நிற்க வேண்டியது வலி. நாய் வலியைச் சொல்லும் விதம் நமக்குப் பிடிபடுவதில்லை. கால் உடைந்தால் கத்தும். இடுப்பு மூட்டு தேய்ந்து ராப்பகலாக வலித்தால் கத்தாது. பதுங்கும், எரிச்சல்படும், தொட்டால் திரும்பிப் பார்க்கும், படுக்க இடம் தேடித் தேடி மாறும். நமக்கு அது பயமாகவும் கோபமாகவும் தெரிகிறது.

திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் வயசான லாப்ரடார் ஒன்றைப் பார்த்தேன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைப்படியில் வந்து நிற்கும். முன்காலை ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்க்கும், உடனே எடுத்துக்கொள்ளும். தரையையே உற்றுப் பார்க்கும். மெல்ல முனகிவிட்டுத் திரும்பிவிடும். "மிக்ஸி சத்தத்துக்குப் பயப்படறது" என்றார் அந்த வீட்டு மாமி. மிக்ஸி ஓடாத நேரத்திலும் அது அப்படித்தான் செய்தது. கூடத்தில் பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை, சமையலறையில் புதிதாகப் போட்ட வழவழப்பான டைல்ஸ். பின்னங்கால் பலமிழந்த நாய்க்கு அந்த டைல்ஸில் இரண்டு கால்களும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துகொண்டு போகும். ஒருமுறை அப்படி விழுந்து இடுப்பு சுளுக்கினால் போதும், அந்த அறையே அதற்குப் பயம். மருத்துவர் இடுப்பை அழுத்திப் பார்த்த மாத்திரத்தில் அது திரும்பி அவர் கையை வாயால் கவ்வியது. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தது.

டெல்டாவில் இது நிறைய வீடுகளில் நடக்கிறது என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். திண்ணையை இடித்து, முற்றத்தை மூடி, வீடு முழுக்க டைல்ஸ் போடுகிறோம். கொல்லை மண்ணில் அலைந்து தேய்ந்த நகம் இப்போது தேயாமல் நீண்டு வளைகிறது. நீண்ட நகம் டைல்ஸில் இன்னும் வழுக்கும். கோரைப்பாய் விரித்துப் பயனில்லை, பாயோடு சேர்ந்து நாயும் சறுக்கும். அடியில் ரப்பர் வைத்த விரிப்பு, அது இல்லாவிட்டால் பழைய சணல் சாக்கு, நாய் நடக்கும் தடம் நெடுகப் போட்டால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். நகத்தையும் வெட்டிவிட வேண்டும்.

வலிக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் முக்கியம். தீபாவளி வெடியை ஒன்பது, பத்து வருஷம் பொருட்படுத்தாத நாய் திடீரென்று ஒரு வருஷம் நடுங்கினால், பலரும் அதைக் காதோடு சம்பந்தப்படுத்துவார்கள். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தாரும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் உடம்பு வலி இருந்த நாய்களுக்கு அந்தப் பயம், வலி இல்லாத நாய்களைவிடச் சராசரியாக 4 வருஷம் பிந்தியே தொடங்கியிருந்தது. அதற்கு அவர்கள் தரும் விளக்கம் எளிமையானது. சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது, தசை இறுகுகிறது, புண்பட்ட மூட்டில் சுரீரென்று வலிக்கிறது. நாய் அந்த வலியைச் சத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. பிறகு அந்தச் சத்தம் கேட்ட இடம், அந்த நேரம், அங்கிருந்த மற்ற நாய்கள் என்று பயம் படர்ந்துகொண்டே போகிறது.

நம் ஊரில் சத்தத்துக்குப் பஞ்சமா? கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை, சாவு ஊர்வலத்தில் வெடி, சம்பா அறுப்பில் விடிய விடிய மெஷின். இளவயதில் இதையெல்லாம் தாண்டி வந்த நாய், முதுமையில் புதிதாகப் பயப்பட ஆரம்பித்தால் முதுகையும் இடுப்பையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும் நாள்பட்ட வலிதான். அதை வாய் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

வலியென்று தெரிந்ததும் மெடிக்கல் ஷாப்பில் நமக்கு வாங்கும் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிடுகிறோம். இதை மட்டும் செய்யாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கென்று உள்ள வலி மருந்துகளை, ரத்தத்தில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மருத்துவர் தருவார். வலி இருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியாதபோது சில வாரங்கள் வலி மருந்து கொடுத்துப் பார்த்து, நடத்தை மாறுகிறதா என்று கவனிப்பதும் ஒரு நல்ல முறை. நாயின் பழைய சுபாவம் திரும்பிவிட்டால் அதுவே பதில்.

ராத்திரி மட்டும் தவிக்கும் நாய்க்கு இதயத்தையும் நினைக்க வேண்டும். பொமரேனியன் என்று நாம் சொல்லும் ஸ்பிட்ஸ் போன்ற சின்ன நாய்களுக்கு வயதானபின் இதய வால்வு கெட்டுப்போவது அடிக்கடி நடப்பது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் எழுந்து நிற்கும், உட்காரும், இடம் மாறும், இருமும். வீட்டிலிருப்பவர்களுக்கு அது பதற்றமாகத் தெரியும். இதைச் சோதிக்க ஒரு வழி எல்லோர் கையிலும் இருக்கிறது: நாய் நன்றாகத் தூங்கும்போது, அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 30க்கு மேல் மூச்சு, மறுபடி எண்ணியும் அப்படியே இருந்தால், காத்திருக்கக் கூடாது. விழித்திருக்கும்போதும் வெயிலில் இரைக்கும்போதும் எண்ணிப் பயனில்லை. வயசான லாப்ரடாருக்கு இன்னொன்று உண்டு. குரல்வளைத் தசை செயலிழந்து மூச்சு கரகரப்பாக வரும், குரைப்பு கம்மிப்போகும். சித்திரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கண்ணும் காதும் மங்குவது தெரிந்த விஷயம். ஆனால் அது ஏன் பயமாக மாறுகிறது என்பதை யோசிக்க வேண்டும். கண் மங்கிய நாய் வீட்டை மனப்பாடமாக வைத்து நடமாடுகிறது. பீரோவை நகர்த்தினாலோ, நடுக்கூடத்தில் நெல் மூட்டை அடுக்கினாலோ அந்த மனப்பாடம் குலைந்துவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மரங்கள் விழுந்து தெருவின் அடையாளமே மாறிப்போனது. கண் தெரியும் மனிதர்களே திகைத்துப்போன நாட்கள் அவை. சாதாரண நாளிலும், மங்கிய கண்ணுக்கு இருட்டு நம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிக இருட்டு. நாய் படுக்கும் இடத்துக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். காது போன நாயைப் பின்னாலிருந்து தொட்டு எழுப்பக் கூடாது. திடுக்கிட்டுக் கடித்துவிட்டு அதுவே பயந்து ஓடும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது இதை முதலில் சொல்லிவைக்க வேண்டும். கண்ணில் நீலம் பாரித்த மங்கல் தெரிந்தால் அது பெரும்பாலும் வயதின் மாற்றம், பார்வையை அவ்வளவாகப் பாதிக்காது. பால் மாதிரி வெள்ளை விழுந்தால் புரை. சர்க்கரை நோயிலும் அது வேகமாக வரும்.

ஒரே ராத்திரியில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணி இடம் வலமாகத் துடித்து, நாய் தள்ளாடி விழுந்தால் வீடே பக்கவாதம் என்று அழும். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் வயசான நாய்களுக்கு வரும் இந்த நிலை பெரும்பாலும் உள்காதின் சமநிலை உறுப்பு கோளாறு. தலை கடுமையாகச் சுற்றுவதால் நாய் மிரண்டுபோகும். மூன்று நாளில் தணிய ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். மருத்துவர் பார்க்க வேண்டும், காதில் சீழ் இருக்கிறதா, மூளையில் வேறு சிக்கல் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். அவசரப்பட்டு நாயைக் கைவிட மட்டும் கூடாது.

இனி வயல் சார்ந்த காரணங்கள். சம்பா பருவத்தில் எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு, பூச்சிக்கு அடிக்கும் மருந்து, குருணை மருந்து இவையெல்லாம் நாய் எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன. நடுக்கம், எச்சில், வாந்தி, வலிப்பு ஒரு மணி நேரத்தில் வந்தால் அதை முதுமை என்று நினைத்து உட்காரக் கூடாது. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், மாற்று மருந்து அதைப் பார்த்துத்தான் முடிவாகும். ரத்தம் உறையாமல் செய்யும் எலிக்கட்டிகள் மூன்று, ஐந்து நாள் கழித்தே வேலை காட்டும்: சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரைக் குடித்து எலிக்காய்ச்சலும் வரும். அது நம்மையும் தொற்றும். உண்ணிக் காய்ச்சல் இன்னும் வஞ்சகமானது. உண்ணி கடித்து மாதங்கள் ஆனபின்னும் எடை குறைந்து, மந்தமாகி, நாய் ஒதுங்கிப்போவதாக மட்டும் அது தெரியலாம். ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும், சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் மாத்திரையில் குணமும் ஆகும்.

தண்ணீர் அதிகம் குடித்து, வீட்டுக்குள் சிறுநீர் விட்டு, வயிறு தொங்கி, ஓயாமல் இரைத்தால் சிறுநீரகம், சர்க்கரை, அட்ரீனல் சுரப்பி என்று மூன்று பக்கமும் பார்க்க வேண்டும். அரிப்புக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையே இப்படிச் செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. தைராய்டு குறைவதும் நாயை மந்தமாக்கும்.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் மூளையின் முதுமைக்கு வர வேண்டும். அது உண்மையான நோய், மனிதர்களுக்கு வரும் மறதி நோய்க்கு நெருங்கிய உறவு. அல்சைமரில் படியும் அதே அமிலாய்டு புரதம் வயசான நாயின் மூளையிலும் படிகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இதன் அறிகுறி ஒன்றாவது இருந்தது. பழகிய வீட்டில் வழி தவறி மூலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் போய்க் காத்திருக்கும். சுவரை வெறிக்கும். பகலெல்லாம் தூங்கி, விளக்கு வைத்த பிறகு நடக்க ஆரம்பித்து, ராத்திரி முழுக்க கூடத்துக்கும் வாசலுக்கும் அலையும். தெரிந்தவரைத் தெரியாதவர்போல் பார்க்கும், அல்லது ஒரு நிமிஷம்கூடப் பிரியாமல் காலைச் சுற்றும். வெளியே போய் வந்ததும் உள்ளே சிறுநீர் விடும். இவை மெல்ல மெல்லக் கூடும். வீட்டில் ஒரு மாறுதல் வந்த நாளில்தான் நம் கண்ணில் படும்.

இதைக் குணமாக்க மருந்து இல்லை, தணிக்க உண்டு. மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின் என்ற மருந்தை நாய்களின் இந்த நோய்க்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1998இல் அனுமதித்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நம் ஊருக்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று: உண்ணிக்காக நாயைக் கழுவும் அமிட்ராஸ் மருந்தும் செலிஜிலினும் சேரக் கூடாது. எந்த மருந்து போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மூளைக்கு உதவும் ஒருவகைக் கொழுப்புச் சேர்த்த உணவுகள் சில ஆய்வுகளில் பலன் தந்துள்ளன. அதைக் கேள்விப்பட்டுச் சோற்றில் தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொழுப்பு தேங்காய் எண்ணெயில் ஒரு பகுதிதான். எண்ணெய் அதிகமானால் கணையம் வீங்கி நாய் படுத்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது நாய் மேசைமேல் அடக்கமாக நிற்கும், ராத்திரி செய்தது எதையும் செய்யாது. அதனால் போனில் வீடியோ எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, அந்த வாரம் வீட்டில் என்ன மாறியது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, என்னென்ன மாத்திரை கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. ஊர் மருத்துவமனையில் மாடுகளுக்கு நடுவே நாய்க்கு நேரம் கிடைக்கவில்லை என்றால், தஞ்சாவூர் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெடிச்சத்தத்துக்காக மயக்க மாத்திரை கேட்பவர்கள் ஒன்றை விசாரிக்க வேண்டும்: அசிப்ரோமசின் மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

ராத்திரி அலையும் நாயைச் சங்கிலியில் கட்டுவது அதன் தவிப்பைக் கூட்டும். உள்ளே சிறுநீர் விட்டதற்கு அடிப்பது கொடுமை, எதற்கு அடி என்றே அதற்குப் புரியாது. படுக்கும் முன் ஒருமுறை, விடிகாலையில் ஒருமுறை வெளியே கூட்டிப் போங்கள். சாயங்காலம் மெதுவாகச் சிறிது தூரம் நடத்தினால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கூடும். சோறு, நடை, தூக்கம் மூன்றும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

இந்த ஜில்லாக்களில் நிறைய வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாக வாங்கிய நாயும் அப்பா அம்மாவும் சேர்ந்தே வயதாகிறார்கள். பெரியவர்கள் பேரனைப் பார்க்க ஒரு மாதம் கிளம்பும்போது நாயை உறவினர் வீட்டில் விட்டுப்போவது வழக்கம். இளவயது நாய் சமாளிக்கும். கண்ணும் மூளையும் தளர்ந்த நாய்க்குப் புது வீடு பெரிய கலக்கம். முடிந்தவரை நாய் தன் வீட்டிலேயே இருக்கட்டும், சோறு வைப்பவர் வந்து போகட்டும், ராத்திரி ஒருவர் கூடத்தில் படுத்தால் இன்னும் நல்லது. அந்த ஆள் கிளம்பும் நாளைக்கு முன்பே சில நாள் வந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே நாய்க்குச் சோறு வைத்துப் பழக்கிவிட வேண்டும். கொடுக்க வேண்டிய மாத்திரையை நேரத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டி, மருத்துவர் நம்பரையும் அதற்குக் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.